தம்பியின் கிளினிக்கில் யார் பேசுவது

பாப்பா, இதை அவசரப்படாமல் வாசி. உனக்குத் தமிழ் வாசிப்பது கல் கிடக்கிற அரிசியில் சோறு சாப்பிடுவது மாதிரி என்று எனக்குத் தெரியும். வரிக்கு வரி நின்று நின்றுதான் போவாய். உன்னைச் சிங்கள மீடியத்தில் சேர்த்தவன் நான், அதனால் அதற்கான திட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன். எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். வாயால் சொன்னால் என்ன என்று கேட்பாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுவதை உன் அம்மா கண்டால் எனக்கும் ஏதோ வியாதி என்று ஒரு கிளினிக் கொப்பி போட்டுவிடுவாள். நாலு நாளாக வாயால் சொல்லத்தான் பார்த்தேன். உன் முகத்தைக் கண்டதும் மழையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறேன். அதனால்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்புப் பக்கம் வத்தளையிலிருந்து அந்தப் பையனும் அவனுடைய அம்மாவும் உன்னைப் பெண் கேட்டு வந்து போனார்கள். நீயே விரும்பிய பையன், நானாகத் தேடியிருந்தாலும் இவ்வளவு நல்லவனைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். உன் தம்பி வந்து அந்தப் பையனுடைய தேத்தண்ணிக் கோப்பைக்குள் விரலை விட்டானே, அப்போது அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சுளிக்கவில்லை, சிரித்து நடிக்கவும் இல்லை. சூடா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தம்பியின் பக்கம் தள்ளி வைத்தான். எனக்கு அதுவே போதும். ஆனால் அவர்களை வழியனுப்ப நான் கேட்டடிக்கு வந்தபோது நீ அவனிடம் சொன்னது காதில் விழுந்தது. “என்னால வர ஏலாதுங்க. தம்பிக்கு கிளினிக்ல பேச ஆள் இல்ல.” அந்தப் பையன், “நல்லா யோசிச்சு சொல்லுங்க, நான் இருக்கேன்” என்றான். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அறுபது வயதை நெருங்கும் மனிதன் காலில் போட்டிருக்கும் செருப்பையே தேடினால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா நினைப்பது போல அது பாசம் மட்டும் இல்லை. பதின்மூன்று வருடமாக நீ ஒரு பழியைச் சுமந்துகொண்டு திரிகிறாய். அந்தப் பழி உன்னுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே சொல்ல வரும்.

தம்பிக்கு நாலு வயதில் கண்டியில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். உனக்கு அப்போது எட்டு. நாங்கள் அந்த டொக்டரைப் பார்ப்பதற்குள்ளேயே ஒரு வருடம் ஓடிவிட்டது. இங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு, அங்கிருந்து ஒரு துண்டு, காது கேட்கிறதா என்று ஒரு டெஸ்ட், பிறகு தேதி, பிறகு அந்தத் தேதியில் டொக்டர் லீவு. கடைசியில் பெயரைச் சொன்னபோது அம்மா அழுதாள், எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. மலை ஏறி முடிந்தது, இனி இறக்கம்தான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது உக்குவளை தாண்டும் வரை அம்மாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். “பேரு தெரிஞ்சிருச்சுல்ல. இனி அவங்க பாத்துக்குவாங்க.” எவ்வளவு பெரிய மடையன் நான். பெயர் வைத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது போலத்தான் பிறகு நடந்தது. அதற்கு முன்னால் தம்பிக்கு என்ன என்று தெரியாமல் நாலு பேர் பார்த்தார்கள். தெரிந்த பிறகு பார்க்க ஆள் இல்லை.

டொக்டர்மார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், நீயும் சொல்லாதே. பிள்ளைகளுக்கு இருந்த டொக்டர் ஒருத்தர், வந்த பிள்ளைகள் வராந்தா நிறைய. ஒருவர் தம்பியைப் பழகி, அவன் சத்தத்துக்குப் பயப்படுவான் என்று தெரிந்து, கதவை மெதுவாகச் சாத்தத் தொடங்கும்போது அவருக்கு இடமாற்றம் வந்துவிடும். பிறகு சில மாதம் யாரும் இல்லை. பிறகு புதிதாக ஒருவர், மறுபடியும் முதலிலிருந்து, எத்தனை மாதத்தில் தவழ்ந்தான், எப்போது பேசினான். பேசவே இல்லை டொக்டர், அதுக்குத்தான் வந்திருக்கோம். பேச்சுப் பயிற்சிக்குக் கண்டியில் பெயர் பதிந்துவிட்டு, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று இருந்து, கூப்பிட்டபோது தம்பிக்கு ஆறு வயது. அந்த மிஸ் நல்ல மனுஷி, ஆனால் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சிங்களத்தில். வீட்டில் இரண்டு வாரம் நாங்கள் எல்லாரும் தம்பியிடம் சிங்களத்தில் தண்ணீர் கேட்டுப் பழகினோமே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா பேசிய சிங்களத்தைக் கேட்டு நீ சிரித்துப் புரையேறினாய். தம்பி எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, தானே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

காய்ச்சல் என்று போனாலும் ஓட்டிசம் என்று சொன்னதும் பேச்சு மாறிவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினால், இப்படிப் பிள்ளைகள் கத்தும்தானே என்பார்கள். ஒரு தடவை பல்வலியில் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். மூன்று வாரம் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகுதான் பல் என்றே தெரிந்தது. அந்த நாட்களில்தான் எனக்கு இந்தக் களைப்பு தொடங்கியது, பாப்பா. உடம்பு வேலையால் வரும் களைப்பு வேறு. தம்புள்ளையில் நாள் முழுக்க மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் நின்று வருகிற களைப்பு குளித்தால் போய்விடும். இது குளித்தாலும் போகவில்லை.

கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்பர் எடுத்துவிட்டு உட்காரவேண்டும், தம்பியால் உட்கார முடியாது. மற்றப் பிள்ளைகள் அழும் சத்தம், பெயர் கூப்பிடும் சத்தம், இரும்புக் கட்டில் உருளும் சத்தம், எல்லாம் சேர்ந்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறத் தொடங்குவான். அதனால் நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ரோட்டில் நடப்பேன். நீ ஸ்கூலுக்குப் போகாமல் வெள்ளை கவுனோடு வரிசையில் இருப்பாய். நம்பர் கிட்ட வந்ததும் ஓடி வருவாய். “அப்பா, இன்னும் ரெண்டு பேர்தான்! வாங்க!” இரண்டு தடவை நாம் வருவதற்குள் நம்பர் தாண்டி, கடைசியாக வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு அம்மா உன்னைப் பார்த்து, “இந்தப் புள்ளைக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டதையும், நீ “எனக்கு ஒண்ணும் இல்ல, நான் எங்கட தம்பிக்கு வந்தது” என்று ரோஷமாகச் சொன்னதையும் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளை மாதம் ஒரு நாள் ஸ்கூலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தாள் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது.

வரிசையில் நின்றவள் மெல்ல மெல்ல உள்ளே வந்து பேசுபவளாகவும் ஆனாய். அதையும் நான்தான் செய்தேன். “ஒன் சிங்களம் நல்ல சிங்களம் பாப்பா. அப்பாவோடது லொறிச் சிங்களம். டொக்டர்கிட்ட அதெல்லாம் சரிவராது, நீயே சொல்லு” என்றேன். நீ பெருமையாக நிமிர்ந்து நின்று சொன்னாய். நம்ம பக்கத்தில் எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்று பார்க்கிறேன். ஒரு பிள்ளையைச் சிங்கள மீடியத்தில் போடுகிறோம், முன்னுக்கு வரட்டும் என்று. பிறகு கச்சேரி ஆபிஸோ பொலிஸோ ஆஸ்பத்திரியோ, அந்தப் பிள்ளையையே முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். நான் தம்புள்ளையில் கமிஷன் கடையில் வேலை பார்த்தவன். வில்கமுவ பக்கமிருந்து வரும் ஆட்களோடும் லொறிக்காரர்களோடும் விடிந்ததிலிருந்து சிங்களத்திலேதான் சண்டை பிடிப்பேன், சிங்களத்திலேதான் சமாதானமும் ஆவேன். எனக்கு அந்த டொக்டர் கேட்டது விளங்காமல் இருந்திருக்குமா? நீ இதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் அப்பா சொன்னதை நம்பும். நீ நம்பினாய்.

அந்த நாளைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. உனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. புதிதாக வந்த பெண் டொக்டர், சின்ன வயது, கண்ணாடி போட்டவர். அன்றைக்கு என்னவோ கூட்டம் குறைவு. அவர் அவசரமே படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில், தூங்கி எழும்புகிற நேரம் கை கால் வெட்டி இழுக்கிறதா, கண் மேலே போகிறதா, கொஞ்ச நேரம் பிரமை பிடித்தவன் போல் இருக்கிறானா என்று கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாய். அவன் உன் பின்னலின் ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். “நே டொக்டர்” என்றாய். இல்லை என்றாய்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். முந்தின வருடம் கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் தம்பிக்கு இரத்தம் எடுக்க நாலு பேர் பிடித்து அமுக்கினார்கள். நீ ஜன்னல் பக்கம் நின்று பார்த்தாய். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் நம் யாரையும் கையைத் தொட விடவில்லை. அன்றைக்குக் காலையில் வரிசையில் பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். “இழுப்பு வருதுன்னு சொன்னேன், ஒடனே கண்டியில படுக்க வெச்சிட்டாங்க, பத்து நாள்.” நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பதினொரு வயதுப் பிள்ளை தன் தம்பியை நாலு பேர் கையிலிருந்து காப்பாற்ற ஒரு சொல் சொன்னாள். அவ்வளவுதான் நீ செய்தது.

இனி நான் செய்தது. அந்த இழுப்பை நீ மட்டும் பார்த்தாய் என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாய். நான் அதிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உங்கள் அறையைத் தாண்டித்தான் போவேன். மூன்று தடவை பார்த்தேன். இரண்டு கையும் சட்டென்று வெட்டி, கண் வெள்ளையாகி, பிறகு ஒன்றும் நடக்காதது போல் திரும்பிப் படுத்தான். கனவு காண்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். டொக்டர் கேட்ட கேள்வி ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. நீ சொன்ன பதில் பொய் என்பதும் விளங்கியது. அந்த டொக்டருக்கும் ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும், பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, சரிதானா என்று மெதுவாக, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். நான் “ஓவ் டொக்டர்” என்றேன். நீ என்ன நினைத்தாய்? அப்பா விளங்காமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறார் என்று நினைத்தாய். அப்படி நினைக்கட்டும் என்றுதான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குக் களைப்பு. இன்னொரு துண்டு, இன்னொரு கண்டி, இன்னொரு வாட்டு என்று நினைத்தாலே கால் வரவில்லை. ஒரு தடவையாவது பிள்ளை பரவாயில்லை என்று ஒரு டொக்டர் வாயால் கேட்கவேண்டும் போல் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டு, நல்லது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று எழுதினார். ஆறு மாதம்! எனக்கு லீவு கிடைத்த ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்தது. வெளியே வந்து உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். நீ அதைச் சாப்பிடாமல் கையில் வைத்து உருகவிட்டாய். ஏன் என்று கேட்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நாலு மாதம்கூட ஆகவில்லை. நீ ஸ்கூல் விட்டு வந்த நேரம் தம்பி பின்பக்கக் குழாயடியில் இழுப்பு வந்து விழுந்து வெட்டிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் இரத்தம், முன்பல் இரண்டு போயிற்று, புருவத்தில் ஆறு தையல். நீதான் முதலில் பார்த்தாய். வாட்டில் வந்து பார்த்தவர் வேறொருவர், கண்ணாடி போட்ட டொக்டர் அதற்குள் மாறிப் போய்விட்டார். வந்தவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, ஏதாவது பார்த்திருந்து முன்பே சொல்லியிருந்தால் மருந்து தொடங்கியிருக்கலாமே என்றார். அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்துச் சொன்னார், ஏனென்றால் பேசுகிறவள் நீதானே. உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மகளுக்கு முன்னால் மானம் போகுமே என்று பார்த்தேன். என் மானத்தைக் காப்பாற்ற உன் பிள்ளைப் பருவத்தைக் கொடுத்துவிட்டேன் என்று பிறகு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

அன்றிலிருந்து நீ ஒரு கிளினிக்கையும் விடவில்லை. ஏ.எல். பரீட்சைக்கு முந்தின நாள் கூட வந்தாய். தம்பிக்குப் பதினாலு தாண்டி, இனி பிள்ளைகள் கிளினிக் இல்லை, பெரியவர்கள் பக்கம் போங்கள் என்றபோது, அங்கே பிரஷர்காரர்களுக்கும் சீனிக்காரர்களுக்கும் நடுவில் அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவள் நீ. கொழும்பில் கிடைத்த வேலைக்குப் போகாமல் இங்கேயே ஒரு ஆபிஸில் சேர்ந்தாய். கேட்டால் ஊர் பிடிக்கும் என்றாய். நானும் நம்புவது போல இருந்தேன். வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

போன மாதம் உனக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த தேதிக்குப் போகலாம் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். நான் உனக்குச் சொல்லாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வாசலில் நின்று, “நீங்க என்னத்த பேசப் போறீங்க?” என்றாள். எனக்கே தெரியாது. புது டொக்டர், ஆண், நம் தம்பியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பழைய கொப்பி கிழிந்து கிழிந்து புதுக் கொப்பி போடும்போதெல்லாம் ஒவ்வொருவரும் அதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள், ஏழு வயதில் விழும் வரை இழுப்பின் அறிகுறி எதுவும் இல்லை என்று. நீ ஒவ்வொரு தடவையும் அந்த வரியை வாசித்திருப்பாய். டொக்டர் அதைத்தான் என்னிடம் கேட்டார். அப்படித்தானே என்றார். லொறிச் சிங்களமோ எந்தச் சிங்களமோ, வாயில் வந்ததைச் சொன்னேன். இருந்தது டொக்டர், விடியற்காலையில் வரும், மூன்று தடவை என் கண்ணால் பார்த்தேன். ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டார். நான்தான் மறைத்தேன் என்றேன். அவர் திட்டவில்லை. அந்த வரியை வெட்டிவிட்டு வேறு எழுதினார். காலையில் வருவதென்றால் மருந்தைப் பற்றிக் கண்டியில் ஒருவரைக் கேட்கவேண்டும் என்று துண்டு தந்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் தலையில் ஒயர் ஒட்டும் அந்த டெஸ்ட் செய்யவேண்டும். நான் போகிறேன். அவன் கத்துவான், நான் பிடித்துக்கொள்வேன், பிறகு ஒரு மாதம் என்னைத் தொட விடமாட்டான். அவன் கோபம் என் மேல் இருக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், எந்த மொழியாக இருந்தாலும் எந்த ஆபிஸாக இருந்தாலும் நீயே பேசு, தப்பும் தவறுமாகப் பேசு, பிள்ளையை உனக்கு முன்னால் நிறுத்தாதே. களைப்பாக இருக்கிறது என்றால் அந்தப் பையனிடம் களைப்பாக இருக்கிறது என்றே சொல். நான் அதை ஒருத்தரிடமும் சொல்லாமல் பரவாயில்லை பரவாயில்லை என்று நடித்துத்தான் இவ்வளவும் வந்தது. தம்பிக்குச் சுகமாகிவிடும் என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தேதிக்கு இந்த டொக்டர் இருப்பாரா என்பதே தெரியாது. எனக்கும் மூட்டு வலிக்கிறது, அம்மாவுக்கும் கண் மங்குகிறது, பின்னால் என்ன செய்யப்போகிறோம் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் பெற்றவர்களுடையது. அதை உன் தலையில் கட்டியது போதும்.

நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று இதை எழுதவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, பேசாமல் இருக்கவேண்டும் என்றால் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இன்றைக்கே அந்தப் பையனுக்குப் போன் எடு. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் போ என்று சொல்லக்கூடாது, போய்ட்டு வா என்றுதான் சொல்லவேண்டும் என்று அம்மா சண்டைக்கு வருவாள். வரட்டும். பாப்பா, நீ போ. தீபாவளிக்கு வா. தேருக்கு வா. தம்பியைப் பார்க்கவேண்டும் போல் இருக்கும்போதெல்லாம் வா. கிளினிக்குக்கு மட்டும் வராதே.